வாணி விழாவும் காளிதாசன் கவியும்

(மன்றத்தின் வாணி விழாவில் நிகழ்த்திய உரை)

வாணி விழாவிற் பேச வருபவர் கல்வியின் பெருமையை எடுத்துரைத்து இறங்குவது வழக்கம். கல்வியின் பெருமையை இந்த அவையில் எவரும் மறுக்கப் போவதில்லை. ஆதலால் அதனை விடுத்து ஒரு விண்ணப்பத்துடன் வந்திருக்கின்றேன். நவமி இரவில் ஒரு மணி நேரம், வடமொழிக் காவியத்தின் ஒரு பகுதியைப் பாடி, பாடிய ஒவ்வொரு சுலோகத்துக்கும் தமிழிற் பொருள் சொல்லி, இவ்விழாவை நாம் கொண்டாட வேண்டும் என்பதே அவ்விண்ணப்பம்.

நவராத்திரியின் கடைசி மூன்று நாட்களும் கலைமகளுக்குரியன. கும்பம் வைக்கின்றோம். சகலகலாவல்லி மாலை பாடுகின்றோம். அவலும் கடலையும் பங்கிடுகின்றோம். நவமியிற் புத்தகங்களைக் கட்டிப் பூசையில் வைத்து, தசமியில் எடுத்து ஒரு வரி படிக்கின்றோம். குழந்தைகளுக்கு ஏடு தொடக்குவதும் அன்றேதான். இவையெல்லாம் நன்றே. ஆயினும் புத்தகம் பூசையில் இருக்கும் அந்த இடைநேரத்தில் நாம் செய்வது யாது? ஒலிபெருக்கிக்கு முன்னால் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியை வைத்து விடுகின்றோம். அது சுலோகம் சொல்லிக் கொண்டிருக்கின்றது. நடுவில் விளம்பரமும் சொல்லுகின்றது. கேட்பார்தாம் இல்லை.

வடமொழிக் கவிதை ஏட்டில் ஏறுமுன் வாயிலும் செவியிலும் வாழ்ந்தது. ஏட்டில் ஏறிய பின்னும் அவையிற் பாடிக் கேட்பதற்கென்றே அது செய்யப்பட்டது. ஆகவே கையிற் புத்தகம் இல்லாத நாளே அதனைக் கேட்பதற்கு ஏற்ற நாள். வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல் கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் அன்றோ?

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும் என்பதை அறிவேன். தமிழ் இருக்க வடமொழி எதற்கு? இக்கேள்வியை நான் எள்ளி ஒதுக்க மாட்டேன். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், மொழி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு துணுக்குறும் நாட்டிலே பிறந்தவர்கள் நாம். தமிழைக் காக்க வேண்டும் என்ற கவலையிற் பிறக்கும் கேள்விக்கு மதிப்புடன் விடை கூறுதல் வேண்டும்.

நாம் பாடும் சகலகலாவல்லி மாலையே முதல் விடை. அதனை இயற்றியவர் பதினேழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த குமரகுருபர சுவாமிகள். காசியிலே முஸ்லிம் அரசர் ஒருவரைக் கண்டு பேச வேண்டியிருந்தபோது, அவ்வரசரின் மொழி தமக்குச் சித்திக்க வேண்டுமென்று கலைமகளை வேண்டி இம்மாலையைப் பாடினார் என்பது வழிவழி வரும் வரலாறு. ஆகவே நாம் ஆண்டுதோறும் பாடும் பத்துப் பாட்டும் பிறர் மொழி ஒன்றைப் பெறுவதற்காகத் தமிழிற் பிறந்தவை. தமிழ்க் கவியின் நா வேற்று மொழியைக் கண்டு அஞ்சவில்லை.

இரண்டாவது விடை நமக்கு மிக அண்மையில் உள்ளது. இங்கிருந்து சைக்கிளிற் போய்வரக்கூடிய காரைதீவிலே 1892இற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். அவரைவிடத் தமிழுக்கு உழைத்தவர் இக்கரையில் யார்? 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். தமிழரின் பழைய யாழைத் தேடி யாழ் நூல் செய்து, அது 1947இல் அரங்கேறிய சில வாரங்களில் மறைந்தவர். அத்தகையவர் 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியிலே சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை ஆராய்ந்தார்; அதே நூலில், தனஞ்சயன் வடமொழியிற் செய்த தசரூபகத்தின் நாடக இலக்கணத்தையும் தமிழாக்கித் தந்தார். ஆங்கிலமும் வடமொழியும் அவர் கையிலே தமிழுக்கு எருவாயின. அவர் ஊருக்கு அயலில் இருந்துகொண்டு வடமொழி எதற்கென்று கேட்பது நமக்கு அழகன்று.

அயலாரையும் பார்ப்போம். மிஷன் பாடசாலையிற் படித்த எனக்குக் காலைக் கூட்டத்திற் சங்கீதப் புத்தகம் கேட்டுப் பழக்கம். எபிரேய மொழியிற் பிறந்த அந்தப் பாடல்களை நாங்கள் தமிழிலேயே கேட்டோம். பொருள் தெரிந்தே கேட்டோம். ஆங்கிலப் பாடத்திலே, இக்கரையில் எவரும் கண்டிராத ஒரு மஞ்சட் பூவைப் பற்றிய கவிதையைச் சொல் சொல்லாகப் பிரித்து விளக்கினார்கள். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் உள்ள நம் முஸ்லிம் சகோதரர் திருக்குர்ஆனை அரபு மொழியில் ஓதுகின்றனர். ஓதியதன் கருத்தைப் பயானிலே தமிழிற் கேட்கின்றனர். மூலத்தின் ஒலியும் தாய்மொழியின் பொருளும் அவர்களிடம் சேர்ந்து நிற்கின்றன. நம்மிடத்திலோ ஒலி மட்டும் தங்கிப் பொருள் போய்விட்டது. சரஸ்வதி சுலோகத்தைத் தடுமாறாமற் சொல்லும் பத்து வயதுப் பிள்ளையிடம் அதன் கருத்தைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை தாயைப் பார்க்கும். தாய் குருக்கள் ஐயாவைப் பார்ப்பார்.

எங்கும் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. புரட்டாசி மாதத்திலே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்குப் போனவர்கள் அறிவார்கள். பதினெட்டு நாள் விழா. பாண்டவர் வனவாசம் போகின்றனர். முடிவிலே தீமிதிப்பு நடைபெறுகின்றது. பதினெட்டுப் பருவங்களில் வியாசர் வடமொழியிற் சொன்ன பாரதம் அது. வில்லிபுத்தூரார் முதலியோரின் தமிழ் வழியாக நம்மிடம் வந்து, நெருப்பு மிதிக்கும் காலடி வரை இறங்கிவிட்டது. அங்கே நிற்கும் ஒருவரிடம் இது வடமொழிக் கதை என்று சொன்னால் அவர் நம்மை வியப்போடு பார்ப்பார். பொருள் சொல்லப்பட்ட காவியம் சொந்தமாகிவிடும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

அப்படியானால் வாணி விழாவுக்கு எந்தக் காவியம்? காளிதாசனின் இரகுவம்சத்தையே நான் எடுத்துக் கொள்வேன். பத்தொன்பது சருக்கங்களில் ஐந்தாவது சருக்கத்தின் தொடக்கத்தை மாத்திரம்.

அதற்கு முன் நான்காம் சருக்கத்தை எட்டிப் பார்ப்போம். மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, வழிச் சேறு உலர்ந்த சரற்காலத்திலே இரகு திக்குவிசயத்துக்குப் புறப்படுகின்றான். விசயதசமியை வெற்றித் திருநாளாகக் கொள்ளும் வழக்கத்தின் பின்னணி இப்பருவமே: மாரியில் முடங்கிய சேனை புறப்படும் காலம். அந்தப் படையெடுப்பின் நடுவிலே கவி ஒரு சிறு காட்சியைக் காட்டுகின்றான். நெல் வயலிற் காவலிருக்கும் பெண்கள் கரும்பின் நிழலில் அமர்ந்து அரசன் புகழைப் பாடுகின்றனராம். யானையையும் தேரையும் விட அந்தக் கரும்பு நிழல் என் மனத்திற் பதிந்தது. நெல்லும் கரும்பும் நம் மாவட்டத்துக்குப் புதியனவா? ஹிங்குரானைப் பக்கம் போனால் இரண்டையும் ஒரே நாளிற் காணலாம்.

ஒரு வேற்றுமையும் உண்டு. காளிதாசனின் நாட்டிலே நவராத்திரி வரும்போது மழை முடிந்துவிட்டது, நெற்கதிர் தலைசாய்கின்றது. நமக்கோ அப்போதுதான் வாடைமழை வரப்போகின்றது; பெரும்போக விதைப்புக்கு வயலைப் பண்படுத்திக் கொண்டிருக்கின்றோம். அவனுடைய சரற்காலம் அறுவடையைப் பார்க்கின்றது. நம்முடையது மேகத்தைப் பார்க்கின்றது. இதனை மறைக்க வேண்டியதில்லை. வாசிக்கும்போது சொல்லிவிட்டால், பிள்ளைகள் இரண்டு வானங்களையும் அறிந்து கொள்வார்கள்.

இனி ஐந்தாம் சருக்கம். உலகை வென்று திரும்பிய இரகு விசுவசித்து என்னும் வேள்வியைச் செய்து, தன் பொருள் முழுவதையும் தானம் செய்து விட்டான். அவ்வேளையிலே வரதந்து முனிவரின் மாணவன் கௌத்சன், கல்வி முடித்து, குருதட்சணைக்குப் பொருள் தேடி வருகின்றான். அரசன் எழுந்து எதிர்கொள்கின்றான். பொற்பாத்திரம் இல்லை, மட்பாத்திரத்தில் நீர் வைத்து உபசரிக்கின்றான். பிறகு நலம் விசாரிக்கின்றான். அந்த விசாரிப்பை நம் பெரியோர் கேட்க வேண்டும். குருவின் தவம் இடையூறின்றி நடக்கின்றதா, பிள்ளைபோல் நீங்கள் வளர்த்த ஆச்சிரம மரங்களுக்குக் காற்றால் ஊறு நேரவில்லையே, மான்கன்றுகள் சுகமா, நீங்கள் உண்ணும் காட்டு நெல்லை ஊர் மாடுகள் மேயவில்லையே என்று ஒவ்வொன்றாய்க் கேட்கின்றான். சக்கரவர்த்தி ஒருவன் ஒரு மாணவனிடம் மாடு மேய்ந்ததா என்று விசாரிப்பதைக் கவி அவசரமின்றிச் சொல்லிச் செல்கின்றான்.

மட்பாத்திரத்தைக் கண்டதுமே கௌத்சனுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆயினும் அரசனை அவன் குறை கூறவில்லை. தானியத்தைக் கொடுத்துவிட்டுத் தாள் மட்டும் நிற்கும் காட்டு நெல்லுக்கு அவனை ஒப்பிடுகின்றான். நீர் பொழிந்து வெறுமையான சரற்கால மேகத்தைச் சாதகப் பறவையும் யாசிப்பதில்லை என்று சொல்லி, வாழ்த்தி, வேறிடம் போக எழுகின்றான். கேட்டுப் பெறத் தெரிந்தவர் பலர். கேளாமல் எழுந்து போகத் தெரிந்தவர் சிலரே. அந்த மாணவனின் நாகரிகம் அந்த மேகத்தில் இருக்கின்றது.

இரகு அவனைத் தடுத்து, எவ்வளவு வேண்டும் என்கின்றான். அப்போது கதை வெளிவருகின்றது. குரு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. உன் பணிவிடையே போதும் என்றார். மாணவன் விடாமல் வற்புறுத்தினான். குருவுக்குக் கோபம் வந்தது. கற்ற வித்தை பதினான்கு, ஆகவே பதினான்கு கோடி கொண்டுவா என்றுவிட்டார். இந்த இடத்தில் இன்றைய ரியூசன் கட்டணம் சிலருக்கு நினைவு வரலாம். ஆனால் அந்தக் குரு கட்டணம் கேட்டவரல்லர் என்பதையும் நினைவிற் கொள்க.

வேதம் கற்ற ஒருவன் இரகுவிடம் கேட்டுக் கிடையாமல் வேறொருவனிடம் போனான் என்ற பழி தனக்கு வேண்டாமென்று, இரண்டு மூன்று நாள் தன் அக்கினிசாலையிலே தங்கும்படி அரசன் வேண்டுகின்றான். குபேரனிடத்திற் பொருள் கொள்வதென்று தீர்மானித்து, ஆயுதத்தோடு தேரிலேயே அன்றிரவு படுக்கின்றான். விடியற்காலையில் காவலர் வியப்போடு ஓடிவருகின்றனர்: பண்டசாலையிற் பொன் மழை பெய்திருக்கின்றது. (குபேரன் ஒரு காலத்தில் இலங்கைக்கு அதிபனாயிருந்தவன் என்பது இராமாயணம். ஆகவே அந்தப் பொன்னில் நமக்கும் சிறு உரிமை உண்டென்று வேடிக்கையாகச் சொல்லிக் கொள்ளலாம்.)

இனித்தான் காவியத்தின் உயிர்நிலை. பொன் முழுவதையும் எடுத்துக் கொள் என்கின்றான் அரசன். குருவுக்குரிய பதினான்கு கோடிக்கு மேல் ஒரு காசும் வேண்டாம் என்கின்றான் மாணவன். கேட்டதற்கு மேல் கொடுக்க நிற்பவனும், வேண்டியதற்கு மேல் கொள்ள மறுப்பவனுமாக இருவர் வாதாடுகின்றனர். அயோத்தி மக்கள் யாரைப் புகழ்வதென்று அறியாமல் இருவரையும் புகழ்ந்தார்களாம். நம் ஊரில் இரு தரத்தார் வாதாடுவதை நாம் கண்டதுண்டு; அது பெரும்பாலும் மறுபக்கமாகவே இருக்கும்.

இது எப்படி நவராத்திரிக் கதை என்று கேட்கலாம். மராட்டிய நாட்டிலே விசயதசமி மாலையில் ஒருவரையொருவர் கண்டு ஆத்தி இலையைப் பொன் என்று சொல்லிக் கொடுத்து வாழ்த்தும் வழக்கம் இன்றும் உண்டு. கௌத்சன் மிச்சம் விட்ட பொன்னே அந்த இலை என்று அங்கே கதை சொல்லுகின்றனர். ஒரு காவியத்தின் சில சுலோகங்களோடு ஒட்டிய கதை ஒரு நாட்டு மக்களின் திருநாள் வழக்கமாய் நிற்கின்றது. சந்தியில் நிற்கும் காய்கறிக் கடைக்காரரும் அன்று பொன் கொடுக்கின்றார்.

கதையைத் தமிழில் மட்டும் சொன்னாற் போதாதா, சுலோகம் எதற்கு என்பவர்க்கு ஒரு வார்த்தை. காளிதாசனின் சொல் நடக்கும் நடை அச்சுலோகத்திலேயே உண்டு; அதனை எந்தத் தமிழாக்கமும், என்னுடையது நிச்சயமாக, முழுதும் தராது. ஆனால் பொருளின்றி ஒலி மட்டும் போதும் என்பவர்க்கு இரண்டு வார்த்தை. இலங்கையின் வடமொழிக் கவியென்று போற்றப்படுபவன் ஜானகீஹரணம் பாடிய குமாரதாசன். அவனுக்காகக் காளிதாசனே இந்நாட்டுக்கு வந்து மாத்தறையில் மாண்டான் என்றொரு கதையும் சிங்கள மக்களிடையே வழங்குகின்றது. அக்காவியத்தின் மூலம் இந்நாட்டில் நெடுங்காலம் கிடைக்கவில்லை. எஞ்சியிருந்தது சொல்லுக்குச் சொல் பொருள் கூறும் சிங்கள உரையே. அவ்வுரையிலிருந்த சொற்களைக் கோத்து மூலத்தை மீட்டு 1891இல் தர்மாராம தேரர் பதிப்பித்தார். மூலம் மறைந்த இடத்திலும் பொருள் சொன்னவர் அதனைக் காத்து வைத்திருந்தார். நான் கேட்கும் ஒரு மணி நேரம் அத்தகைய உரைக்காகவே.

இன்னுமொரு கவியைச் சொல்லாமல் அமர மனமில்லை. காஞ்சிபுரத்துத் தண்டி ஏழாம் நூற்றாண்டின் கடைப்பகுதியை ஒட்டி வாழ்ந்தவன். சிறுவயதிலே தாய் தந்தையரை இழந்தான். பகைவர் படையெடுப்பும் பஞ்சமும் வந்து காஞ்சி நிலைகுலைந்தபோது ஊரை விட்டு அலைந்து, அயல் நாடுகளிலே கற்று, அமைதி வந்தபின் திரும்பினான். அவந்திசுந்தரி என்னும் அவன் நூல் இதனைக் கூறுகின்றது. இடம்பெயர்ந்த பாடசாலைகளையும், 2004 டிசம்பர் 26இற் கடல் கொண்டுபோன புத்தக அலுமாரிகளையும் அறிந்த இக்கரையாருக்குத் தண்டி அந்நியனல்லன்.

அவன் செய்த காவியாதர்சம், பிரமனின் முகத் தாமரைகளிடையே உலவும் வெண்ணிற அன்னமாகக் கலைமகளைக் கண்டு, தன் மனம் என்னும் பொய்கையில் அவள் மகிழ்ந்திருக்குமாறு வேண்டித் தொடங்குகின்றது. பரீட்சையிற் சித்தி கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை, வந்து இரு என்கின்றான். சொல் என்னும் ஒளி இல்லையேல் மூவுலகும் இருளில் ஆழும் என்று மேலே கூறுகின்றான். முதற் பகுதியின் முடிவிலே எம்போன்றோர்க்கு ஆறுதலும் தருகின்றான். பிறவியிலே கவித்திறம் இல்லாதவனும் கேள்வியாலும் முயற்சியாலும் வாணியை உபாசித்தால் அவள் ஏதேனும் அருளாமற் போகாள். ஆகவே சோம்பலைத் தள்ளி இடைவிடாது அவளைச் சேவிக்க வேண்டும் என்பது அவன் கருத்து. கும்பமும் தீபமும் அவன் சொல்லவில்லை. படிப்பதையே உபாசனை என்கின்றான்.

அந்நூல் சிங்களத்திற் சியபஸ்லகர என்றும், தமிழிலே தண்டியலங்காரம் என்றும் வடிவம் பெற்றது. திபெத்திய மொழிக்கும் போயிற்று. நாடும் நகரும் மலையும் கடலும் வருணிக்கப்பட வேண்டும் என்று தண்டி வகுத்த பெருங்காப்பிய இலக்கணத்தைத் தமிழ்ப் புலவர் தமதாக்கினர். அந்த மரபிலேதான் உமறுப்புலவர் நாட்டுப் படலமும் நகரப் படலமும் வைத்துச் சீறாப்புராணம் பாடினார். அரபு நாட்டைத் தமிழ் மருத நிலம்போல் அவர் வருணிக்கும் அழகை நம் அயலூர் மௌலவிமார் நம்மைவிட நன்கு சொல்லுவர். ஆதலால் எமது வாசிப்பு இரவுக்கு அவர்களையும் அழைக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் சீறாவிலிருந்து ஒரு படலம் பாடிப் பொருள் சொல்வார்களாயின், தண்டியின் அன்னம் எவ்வளவு தூரம் நீந்தியது என்பதை ஒரே மேடையிற் கேட்கலாம்.

செய்முறை பற்றிச் சிறிது. கௌத்சன் கதை ஏறக்குறைய முப்பத்தைந்து சுலோகங்களுள் அடங்கும்; பொருளோடு ஒரு மணி நேரம் போதும். சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ககரம் நான்கும் ஓர் எழுத்தாகிவிடும். கௌத்சன் யாரோ ஆகிவிடுவான். வாயிலிருந்து செவி வழியாகவே பழக வேண்டும். அதற்கு மூன்று மாதமாவது செல்லும். பொருளை எழுதி வாசித்தலும் கூடாது. ஒவ்வொருவரும் தமக்குப் புரிந்ததைத் தம் பேச்சிற் சொல்ல வேண்டும். வயல் வேலை தெரிந்தவர் ஒருவர் காட்டு நெல்லையும் மேய்ந்த மாட்டையும் பற்றிய பகுதியைச் சொன்னால் மிக நன்று. பண்டிதர் ஒருவரைவிட அவருக்கு அது நன்றாய் விளங்கும்.

உச்சரிப்புக் கற்றுத்தரக் குருக்கள் ஐயா இசைந்திருக்கின்றார்கள். பொருள் சொல்ல எட்டுப் பேர் வேண்டும். இருவர் பெயர் தந்துள்ளனர். அவர்களில் ஒருவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி. மீதி அறுவரும் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம். அவலும் கடலையும் வழமைபோல் உண்டு.